முப்பது கிலோமீட்டர்

பேனாவை நூலால் கட்டிப் போட்டிருந்தார்கள். அவள் குனிந்து எழுதினாள்.

பெயர். நேரம். மாணவிக்கு என்ன உறவு.

அடுத்தது முகவரி.

வீரவாஞ்சி நகர், கோவில்பட்டி என்று எழுதினாள். அந்த வீட்டில் இப்போது ஒரு பல் மருத்துவர் குடியிருக்கிறார்.

பெண்கள் விடுதியின் காவலாளி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

"கோவில்பட்டியிலிருந்தா வர்றீங்க? வெள்ளெனவே கெளம்பியிருப்பீங்களே."

"ஆமாண்ணே. நாலு மணிக்கு."

"ஏழு மணி நேரம் பஸ்ஸுல வந்தும் சேலை கசங்கலீங்க. எங்கூட்டம்மா கடைக்குப் போய்ட்டு வந்தாலே கசக்கிக்கிட்டு வரும்."

அவளும் சிரித்து வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவி வெளியே தெரிந்தது. உள்ளே தள்ளிக்கொண்டாள்.

அந்தச் சாவிக்கான வீடு, கல்லூரி மதிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. நடந்தால் எட்டு நிமிடம்.

கணவர் போன பிறகு கோவில்பட்டி வீட்டில் அவளும் மகள் கௌசிகாவும்தான் இருந்தார்கள். கௌசிகாவுக்கு இங்கே இடம் கிடைத்ததும் அவள் மட்டும் ஆனாள். வீட்டை விற்றாள். இந்த ஊரில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கினாள். கல்லூரி விட்டதும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடலாம்.

திடீரென்று சொல்லிச் சந்தோஷப்படுத்த நினைத்தாள். பத்திரம் பதிந்த அன்றுதான் போன் செய்தாள்.

"ஹாஸ்டல் விதியெல்லாம் படிக்கலையாம்மா?" என்றாள் கௌசிகா.

பெற்றோர் வீடு முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தால் விடுதியில் இடம் கிடையாது. விதி ஐந்து. சேர்க்கையன்று அந்தத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். படிக்காமல் போட்டிருந்தாள்.

பால் காய்ச்சிய காலையில் கௌசிகா வந்தாள். துப்பட்டாவைத் தலையோடு சுற்றியிருந்தாள். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதாம். பால் பொங்குவதற்குள் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். சின்ன அறையில் புது மேசை போட்டிருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், மேலேயே கை வைத்து நின்றாள்.

"எனக்கு அங்க இருக்கப் பிடிச்சிருக்கும்மா. மொத மொதலா பிடிச்சிருக்கு. கெடுத்துராத."

அதற்குப் பிறகு கௌசிகா அந்த வீட்டுக்கு வரவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டாள், பிள்ளை எங்கே படிக்கிறது என்று.

வெளியூரில் என்று சொல்லியிருக்கிறாள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு. தூரத்து ஊர்க்காரர்கள் அப்படித்தான் வருவார்கள். சூடாக எதுவும் கொண்டுவர முடியாது. ஏழு மணி நேரம் தாங்குவதாக இருக்க வேண்டும்.

கௌசிகா அறைத்தோழிகள் இருவரோடு வந்தாள். வழியெல்லாம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். இப்படிச் சிரிப்பாள் என்பது அவளுக்குத் தெரியாது.

"ஆன்ட்டி, கடலை மிட்டாய்?"

எடுத்துக் கொடுத்தாள். இந்த ஊர் பேருந்து நிலையத்துக் கடையில் நேற்று வாங்கியது.

"இதான்டி ஒரிஜினல். இங்க விக்கிறானே, அதுவும் ஒரு மிட்டாயா?"

கௌசிகா அம்மாவைப் பார்க்காமல் கடித்தாள்.

புளிசோறு டப்பாவைக் கொடுத்தாள். இளைத்துவிட்டாயே என்றாள். இளைக்கவில்லை, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பன்னிரண்டு மணியாகிவிட்டது.

வாசலுக்கு வந்து இடப்பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்தப் பக்கம் ஏனுங்க போறீங்க? ஸ்டாப் இங்கல்ல இருக்குது." காவலாளி ஓடிவந்தார். சாலையில் மதுரைப் பேருந்து வந்துகொண்டிருந்தது. நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் விரித்து நிறுத்திவிட்டார். "ஏறுங்க, ஏறுங்க. இதை விட்டா இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

அவள் கம்பிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தோழிகளுக்கு நடுவில் கௌசிகா நின்றிருந்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா!"

எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

அவள் ஏறினாள். மூவரும் கையசைத்தார்கள். வளைவில் பேருந்து திரும்பும் வரை கௌசிகாவின் கை இறங்கவில்லை.

அடுத்த நிறுத்தம் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நடத்துநர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கிவிட்டார். வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாள். காலையில் வைத்த ரசம் இருந்தது. சாப்பிட்டாள். ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இரண்டு மணி.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்நேரம் கரூர் தாண்டியிருக்கும். நான்கு மணிக்கு எழுந்து வீட்டைப் பெருக்கினாள். ஐந்துக்கு மதுரை. மாட்டுத்தாவணியில் வண்டி மாற வேண்டும். ஒரு டீ குடிக்க வேண்டும்.

விளக்குப் போடவில்லை.

ஏழு மணிக்கு அழைத்தாள்.

"வந்து சேந்துட்டேன்."

"சரிம்மா." பின்னால் தோழிகளின் பேச்சு கேட்டது. "பஸ்ஸுல உக்கார இடம் கெடச்சுதா?"

"கெடச்சுது. சன்னல் சீட்டு."

அப்போது விடுதியில் படிப்பு மணி அடித்தது. போனில் முதலில் கேட்டது. ஒரு நொடி கழித்து, அவள் வீட்டுச் சன்னல் வழியாக.

கௌசிகா பேச்சை நிறுத்தினாள்.

அவள் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள்.