உள்ளே விடாதே

"இவரை இனிமே இந்த வாசப்படி மிதிக்க விடாதே, கெரின்!" நோலீன் போட்ட கூச்சலில் கிளப்பே திரும்பிப் பார்த்தது. இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்த குலுக்கலுக்குச் சீட்டு வாங்க நின்றவர்கள்கூட வரிசையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அவள் புருஷன் டெஸ், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். காலையிலிருந்து சூதாட்ட மெஷினே கதி என்று கிடந்தவரை அவள்தான் வரவேற்பு மேசைக்கு இழுத்து வந்திருந்தாள்.

"படகு போச்சு, கேரவன் போச்சு. மிச்சம் இருக்கறது வீடு ஒண்ணுதான். ஏய்யா, அதையும் அந்தப் பெட்டிக்குள்ளயே போட்டுருவியா?"

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா குடுத்திருக்கும்..." என்று டெஸ் முனகினார்.

அங்கே வேலை பார்த்த கெரினுக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. "குடுக்காது டெஸ்! நீங்க எவ்வளவு போட்டீங்கன்னு அதுக்கு ஞாபகமே கிடையாது. பட்டனை அமுக்கற ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் ஆரம்பிக்குது."

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு!" என்றாள் நோலீன். "ஏய்யா, காலையிலேருந்து ஒரு தடவையாச்சும் குடுத்துச்சா அது?"

"ஒரு சென்ட்கூட இல்ல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல, நோலீன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பாவம், எத்தனைதான் தாங்குவாள் என்று கெரினுக்கு மனசு கனத்தது.

தன்னை இனி உள்ளே விடக்கூடாது என்று கெரின் நீட்டிய படிவத்தில் டெஸ்ஸே கையெழுத்துப் போட்டார். ஊழியர்கள் அடையாளம் தெரிந்துகொள்ள கெரின் அவரைப் படமும் எடுத்துக்கொண்டாள்.

"வீடாவது தங்கட்டும்," என்றார் டெஸ், கண்ணைத் துடைத்தபடி.

"நீ போய் வண்டியில உட்காரு. எனக்குப் படபடன்னு வருது, ஒரு வாய் டீ குடிச்சுட்டு வரேன்," என்றாள் நோலீன்.

ஒரு குடும்பமாவது தப்பித்ததே! கெரின் தானே டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு மேசைகளில் நோலீனைக் காணோம்.

மெஷின் அறையில் இருந்தாள். டெஸ் எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஐம்பது டாலர் நோட்டை எடுத்து உள்ளே செருகிக்கொண்டிருந்தாள்.

"நோலீன்! என்ன பண்றீங்க? இப்பத்தானே அவ்வளவு சொன்னேன்!"

நோலீன் திரும்பக்கூட இல்லை.

"சும்மா இரு கண்ணு. நாள் பூரா அவர்கிட்ட தின்னுருக்கு, இப்ப கக்காம எங்க போகும்?"