ஒன்பதாம் மாடியில் சாம்பிராணி

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு வசுமதி இரண்டாம் மாடியில், கேபிள்கள் மாடிக்கு மாடி மேலேறும் சுவர்க்குழியின் கதவைத் திறந்து, ஒரு தட்டில் ஐந்தாறு கம்ப்யூட்டர் சாம்பிராணிகளைக் கொளுத்தி உள்ளே வைத்தாள். பிறகு லிஃப்டில் ஒன்பதாம் மாடிக்கு, தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். அங்கே அதே குழியின் கதவருகே குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகப்பன் நின்றிருந்தார். ஒவ்வொரு தளத்திலும் கேபிள் நுழையும் ஓட்டையைத் தீ தாங்கும் பூச்சால் அடைக்க வேண்டும் என்பது விதி. அடைத்தாயிற்று என்று மூன்று முறை அவளுக்குக் கடிதம் கொடுத்தவர் அவர்.

நான்கு நிமிடத்தில் கதவிடுக்கில் புகை வந்தது.

“வாசமா இருக்கு மேடம். வெள்ளிக்கிழமையும் போடுங்க, எல்லா மாடிக்கும் ஆச்சு.”

வசுமதி கதவைத் திறந்து, கேபிளைச் சுற்றியிருந்த சிமென்ட் பூச்சை விரலால் அழுத்தினாள். அது உடைந்து விரல் தெர்மாக்கோலுக்குள் இறங்கியது.

“இன்டர்நெட்காரன் வந்து வந்து குத்திட்டுப் போறான். எத்தனை தடவைதான் பூசறது? இருபது வருஷத்துல இங்க ஒரு குப்பைத்தொட்டிகூடப் பத்தினதில்ல.”

“பத்துனா?”

“படியில இறங்கிட வேண்டியதுதான். இதுல என்ன இருக்கு?”

வசுமதி அவரை வீட்டுக்குள் அழைத்துப்போய், பக்கவாதத்தில் நான்கு வருடமாகப் படுத்திருக்கும் அப்பாவின் கட்டிலருகே நிறுத்தினாள்.

“சரி சார், இறங்குவோம். நீங்க தலைப்பக்கம் பிடிக்கிறீங்களா, கால்பக்கமா?”