நூற்றொன்றாவது கதவு

"என் கதையில கை வச்சது யாரு?"

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருந்த டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஆனந்தகுமார் போட்ட சத்தத்தில் அத்தனை மிஷின்களும் நின்றுவிட்டன. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பத்திரிகைப் போட்டிக்கு ஒரு விஞ்ஞானக் கதை எழுதி, டைப் அடிக்கக் கொடுத்திருந்தார். தபாலில் சேர்க்க இன்றே கடைசி நாள்.

கதை நடப்பது 2091-ல். அப்போது ஜெயிலுக்குச் சுவரே கிடையாது. குற்றவாளியின் காதுக்குப் பின்னால் பொட்டளவு கருவி ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள். தண்டனை முடிந்தாலும் எடுக்க மாட்டார்கள். அவன் எந்த வாசலில் நின்றாலும், அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அவன் செய்த குற்றத்தைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்ளும்.

'நூறு கதவுகளைத் தட்டினான். ஒன்றுகூடத் திறக்கவில்லை' என்று முடித்திருந்தார். எழுதும்போது அவருக்கே கண் கலங்கியதாம்.

அடித்து வந்த தாளில் அதற்குக் கீழே இரண்டு வரி கூடியிருந்தது.

'நூற்றொன்றாவது கதவு திறந்தது. உள்ள வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க என்றது ஒரு குரல்.'

இன்ஸ்டிடியூட்டை நடத்தும் சுந்தராம்பாள் படு கறார். ஒவ்வொரு பக்கத்தையும் கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் டிக் போட்ட பிறகே கொடுப்பார். ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துவிடுவார்.

"நாகஜோதி, இங்க வா. சாருக்கு நீயே பதில் சொல்லு."

மூன்று வருஷமாக அங்கே டைப் அடிக்கும் நாகஜோதி வந்து நின்றாள்.

"நாந்தேன் சார் சேத்தேன். தப்புத்தேன்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? இவளை இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்துங்க மேடம்."

"நிறுத்துனாலும் சரி சார். உங்க கடைசி வரியோட முடிக்க எனக்குக் கை வரலை. நானும் ஜெயில்ல இருந்தவதேன். கம்மலைத் திருடுனது நெசம். வெளிய வந்து எங்க ஊரு திருச்சுழிக்குப் போனேன். அண்ணன் வீட்ல தெறக்கலை. சித்தி வீட்லயும் தெறக்கலை. அதுக்கு மிஷினு எதுவும் தேவைப்படலை சார், ஊரே சொல்லுச்சு. திரும்பி வந்து, தாகம் தாங்காம இந்த மாடிப்படி ஏறுனேன். இந்த அக்கா ஒண்ணும் கேக்கலை. சொம்புல தண்ணி குடுத்து ஒக்காரச் சொன்னாக. குடிச்சிட்டு எல்லாத்தையும் நானே சொன்னேன். நாளையில இருந்து டைப் படிக்க வான்னாக. ஒரு கதவுகூடத் தெறக்கலைன்னு அடிச்சா, நான் நன்றி கெட்டவளாயிருவேன் சார்."

கதையில் நூறு கதவைச் சாத்திய ஆனந்தகுமாருக்கு, இப்போது திறந்திருந்த ஒன்றையும் தான் சாத்தப் பார்த்தது உறைத்தது.

"நேரமிருக்கு சார். கடைசிப் பக்கத்த நீங்க எழுதுனபடியே அடிச்சுத் தரச் சொல்றேன்" என்றார் சுந்தராம்பாள்.

"வேண்டாம் மேடம். இப்படியே இருக்கட்டும்." நாகஜோதியிடம் திரும்பினார். "ரொம்ப நன்றிம்மா."

தாள்களை உறையில் போடும்போதுதான் கவனித்தார். கூடியிருந்த அந்த இரண்டு வரிக்கு நேரே, ஓரத்தில், சுந்தராம்பாளின் பென்சில் டிக்.