முந்திப் படுத்தவன்

“எங்கே, ஒருதரம் படுத்துக் காட்டுங்க பார்ப்போம்” என்றார் மெத்தை வாங்க வந்த அம்மா.

கடையில் ‘மீசை’ என்று பெயரெடுத்த விற்பனையாளர் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவுவதற்குள், எங்கிருந்தோ பறந்து வந்து மெத்தையில் தொப்பென்று விழுந்தான் சக விற்பனையாளன் குறட்டை.

“இது மேனேஜர் குறட்டைம்மா.” கண்ணை மூடிக்கொண்டு உறுமினான். “இது மாமனார் குறட்டை.” அது விசிலில் போய் முடிந்தது.

“அப்படியே எங்க வீட்டுக்காரர்” என்று சிரித்தார் அந்த அம்மா. “இதையே பில் போடுங்க.”

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் தலையணை விலையை மும்முரமாகப் படித்தார்.

பில் புத்தகத்தையும் குறட்டையே தூக்கிக்கொண்டு ஓடினான்.

மீசைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக இதே கூத்து. புதுக் கிளைக்கு சூப்பர்வைசர் போடப்போகிறார்கள். யார் அதிகம் விற்கிறாரோ அவருக்குத்தான் அந்த நாற்காலி. சூப்பர்வைசர் யாருக்கும் படுத்துக் காட்ட வேண்டியதில்லை.

அதன் அருமை மீசைக்குத்தான் தெரியும். முதுகில் வந்த அக்கி ஆறி, தோல் பளபளவென்று ஆகிவிட்டது. நரம்புக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. சட்டை உரசினாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். மெத்தை பட்டால் கேட்கவே வேண்டாம்.

“முதலாளிகிட்ட சொல்லிடுங்களேன்” என்பாள் மனைவி.

“இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னவனையே, ‘படுக்க முடியாதவனுக்கு மெத்தைக் கடையில என்ன வேலை’ன்னு அனுப்பினவர்டி அவர்.”

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கத் தயாராவார். செருப்பைக் கழற்ற மட்டும் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில்தான் குறட்டை பாய்வான்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. நேராக முதலாளி அறைக்குப் போனார்.

“நான் தொண்டை வறளப் பேசுறேன் சார். கடைசி நிமிஷத்துல குறட்டை வந்து படுத்துக்கிட்டு வியாபாரத்தைத் தட்டிட்டுப் போயிடுறான். நியாயமா இது?”

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பில் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம்.

“அவன் தனியா வித்தது மட்டும்தானேப்பா அவன் பேர்ல இருக்கு? நீ பேசினது அத்தனைக்கும் உன் பேரைத்தான் எழுதியிருக்கான். நீதான் முன்னாடி நிக்கிறே. ஒண்ணாம் தேதி புதுக் கடைக்குக் கிளம்பு.”

மீசை வெளியே வந்தபோது குறட்டை மெத்தையின் கசங்கலை நீவிக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்ணிவச்சிருக்கே?”

“மத்தியானம் சாப்பிடுறப்போ, சட்டை முதுகுல ஒட்டாம ரெண்டு விரலால தூக்கிப் பிடிச்சுக்குறீங்களேண்ணே. எங்கப்பாவும் அக்கி ஆறினப்புறம் ஒரு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டார்.”

மீசையும் மெத்தையின் மறுமுனையை நீவத் தொடங்கினார். “அதுக்காக மூணு மாசமாவாடா?”

“எனக்கென்னண்ணே நஷ்டம்? வேற எந்தக் கடையில சம்பளம் கொடுத்துத் தூங்கச் சொல்றாங்க?”