தெளிந்த தண்ணீர்

பெரிய வியாழனன்று மாதா கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்கு. அதற்கென்றே ஓர் எவர்சில்வர் பேசினும் வெள்ளைத் துண்டும் இருந்தன. தேர்வான பன்னிரண்டு பேரும் வருஷாவருஷம் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள்.

இந்த வருஷம் ஒருவர் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றிருந்த சாக்கடை அள்ளும் சவரியானைச் சாமியார் கூப்பிட்டு உட்காரவைத்தார். முன்வரிசை மூக்கைப் பொத்தியது.

"அண்ணே, இந்தக் காலையா நான் துடைக்கணும்? நாளைக்கு என்னை யார் தொடுவாங்க?" என்று பேசினிடம் பதறியது துண்டு.

சவரியானின் கால் பட்டதும் தண்ணீர் கறுத்தது.

"பாத்தீங்களா! பதினோரு பேர் காலைக் கழுவியும் தெளிவா இருந்த தண்ணிண்ணே!"

"பாத்தேன்," என்றது பேசின். "பதினேழு வருஷமா இந்த வேலை பாக்குறேன். இன்னைக்குத்தான் ஒரு காலைக் கழுவியிருக்கேன்."