பதினேழாவது இணைப்பு

சோதனைக் கருவியில் காதில் விழும் பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது தொலைபேசிக் கம்பி மாட்டுபவர்கள் சொல்லாமலே காக்கும் விதி. மருத்துவமனைப் படிக்கட்டின் அடியில், புதிய இணைப்பகப் பெட்டியின் பச்சை விளக்குகள் கம்பி மாட்ட வந்த நெட்டையனின் முகத்தில் இமைக்கின்றன. பதினேழாவது இணைப்பில் அவன் சோதனைக் கருவியின் கவ்வியை மாட்டியதும் ஒரு முதியவரின் குரல் மூச்சிரைக்கக் கேட்கிறது: "ஹலோ... என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் முடிஞ்சுதாம்மா? யாராச்சும் சொல்லுங்களேன்." அவர் தேடும் வார்டுக்கான கம்பி இன்னும் பொருத்தப்படாமல் அவன் முழங்காலருகே சுருண்டு கிடக்கிறது. "மச்சான், பாவம்டா, கேட்டுக்கிட்டே இருக்காரு" என்கிறான், பக்கத்தில் வேலை செய்யும் கூட்டாளியிடம். "நீ என்ன பெரிய டாக்டரா? வயரைப் பாரு" என்கிறான் கூட்டாளி, திருகாணியை முடுக்கியபடி. "யாருமே இல்லையா?" என்கிறது குரல். நெட்டையன் பேச்சுப் பொத்தானை அழுத்துகிறான். "ஐயா, நான் வயர் மாட்டுறவன். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நீங்க பேசுறது கேக்குது."