தலைவர் காதுக்கு மட்டும் நடுங்கிய ஆர்கன்

"ஏம்மா சரோஜினி, இது ஆர்கனா, மழையில நனைஞ்ச ஆடா? இப்படி நடுங்குது!"

மலேசியாவில், பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டக் கோயிலில், பஜனை ஒத்திகையின் நடுவே முன்வரிசையிலிருந்து கத்தினார் கோயில் தலைவர் நாகலிங்கம்.

பதினோரு வருஷமாக அங்கே ஆர்கன் வாசிக்கும் சரோஜினி, "சத்தத்தை நடுங்க வைக்கிற டிரெமோலோ சுவிட்சை நான் தொடவே இல்லைங்கையா. சுரத்தை அலைய வைக்கிற விப்ராட்டோவும் போடல" என்றாள்.

"எனக்கே பாடமா? திருவிழாவுக்குச் சிரம்பான்லேருந்து வேற ஆளு வரும் லா. நீ வீட்டுல போயி சாம்பார் வை."

"எங்களுக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார்கள் பாடும் பெண்கள்.

"உங்க காதுக்குத் தகர டின்னைத் தட்டினாலும் நல்லாத்தான் கேக்கும்!"

அம்பாங்கானிலிருந்து வந்திருந்த ஆர்கன் மெக்கானிக் தேவேந்திரன் ஆர்கனைத் திறந்து பார்த்தார். பழுது எதுவும் இல்லை. சரோஜினியை வாசிக்கச் சொல்லிவிட்டு மண்டபத்தின் நாலு மூலையிலும் நின்று கேட்டார். நடுக்கமே இல்லை. கடைசியில் தலைவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் நடுங்கியது.

"பாத்தியா! நான் சொல்லல?" என்று துள்ளினார் தலைவர்.

தேவேந்திரன் எழுந்துபோய், ஸ்பீக்கருக்கு முன்னால் தலைவருக்கென்றே சுழன்றுகொண்டிருந்த மின்காற்றாடியை நிறுத்தினார். நடுக்கம் நின்றுவிட்டது.

"றெக்கை வெட்டி வெட்டி விடுற சத்தந்தான் உங்களுக்கு வருதுங்கையா. ஆர்கன் மேல குத்தமில்ல."

"சொல்லுங்க தலைவரே, நான் போகணுமா, காத்தாடி போகணுமா?" என்றாள் சரோஜினி.

அவர் வாய் திறப்பதற்குள், பெண்கள் காற்றாடியைத் தூக்கித் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

"தலைவரு வேர்த்தா வேர்க்கட்டும் லா. நீ வாசி அக்கா!"